அத்தையின் முழங்கால்

தாம்பரம் ரயில் நிலையத்தின் மேம்பாலத்தில் காலை ஒன்பது மணிக்கு ஏறியிருக்கிறீர்களா? 1931-ஆம் வருஷத்தில் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அன்று முதல் இன்றுவரை அந்த ஊரில் ஜனங்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அந்தப் படிகளின் நடுவே ஒருவர் நின்றுவிட்டால், பின்னால் வருகிறவர்கள் முதலில் முணுமுணுப்பார்கள். அப்புறம் விலகிப் போவார்கள். சென்ற புரட்டாசியில் என் அத்தை அப்படி நின்றுவிட்டாள்.

"என்ன அத்தை?" என்றேன்.

"ஒன்றுமில்லை. முழங்கால் கொஞ்சம் பிடித்துக்கொண்டது. நீ போ, நான் மெதுவாய் வருகிறேன்" என்றாள்.

கைப்பிடிக் கம்பியை அவள் பற்றியிருந்த பற்றைப் பார்த்ததும், "கொஞ்சம்" என்ற வார்த்தையில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

அன்று மாலை சேலையூரில் அத்தை வீட்டுக்குப் போய் விசாரித்தேன். விஷயம் இரண்டு வருஷத்துப் பழையது. அலமாரியில் தைல பாட்டில்கள் வரிசையாய் நின்றன. முழங்காலை எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது; "வயதுக்கு ஏற்ற தேய்மானம்" என்று ஒரு வைத்தியர் சொல்லிவிட்டார். திருநீர்மலைக்கு மாதந்தோறும் போகிறவள், அடிவாரத்து நீர்வண்ணப் பெருமாளோடு திரும்பிவிடுகிறாளாம். மூன்றடியால் உலகளந்தவர் மலைமேல் இருக்கிறார். அத்தைக்கோ முப்பது படி ஏறக் கால் வரவில்லை! கால் நகங்களைப் பேத்திதான் வெட்டிவிடுகிறாள். அதைப் பேத்தியின் பிரியம் என்று வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். குனிந்தால் கை பாதத்துக்கு எட்டவில்லை என்பது அத்தை ஒருத்திக்குத்தான் தெரியும்.

"ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"தை மாதம் குழந்தைக்குக் கல்யாணம். இப்போது நான் படுத்துக்கொள்ளவா?" என்றாள்.

முழங்கால் நிரபராதி

மறுவாரம் எலும்பு வைத்தியர் ஒருவரிடம் அழைத்துப் போனோம். அவர் முழங்காலைத் தொடுவதற்கு முன்னால் அத்தையைப் படுக்கவைத்து, இடது காலை மடக்கி, மெள்ள உட்புறமாகத் திருப்பினார். அத்தை "அம்மா!" என்று தொடையின் மேற்சந்தைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கள் முழங்கால் நிரபராதி, அம்மா. குற்றவாளி மேலே இருக்கிறான்" என்றார் டாக்டர்.

இடுப்பு மூட்டுக்குச் செல்லும் நரம்புகளின் கிளைகள் முழங்காலுக்கும் செல்கின்றன. ஆகையால் மேலே உள்ள நோவைக் கீழே உணர்வது வெகு சகஜம். இதில் நம் பாஷையும் ஒரு குழப்பம் செய்கிறது. நாம் "இடுப்பு வலி" என்று சொல்வது பெரும்பாலும் முதுகின் அடிப்பாகத்து வலியை. உண்மையான இடுப்பு மூட்டு, தொடையெலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் கிண்ணத்தில் பொருந்தும் இடம். அது கெட்டால் தொடைச்சந்திலோ, தொடையின் முன்பக்கத்திலோ, முழங்காலிலோதான் அநேகமாய் வலிக்கும். எனவே வைத்தியரிடம் போகிறவர்கள் "இடுப்பு" என்று வாயால் சொல்லி நிறுத்தாமல், விரலால் இடத்தைத் தொட்டுக் காட்டவேண்டும். சம்மணம் கூட்டி உட்கார முடிகிறதா, கால் நகம் வெட்ட முடிகிறதா என்பதையும் சொல்லவேண்டும்.

மூட்டுக் கெடுவதற்குக் காரணங்கள் பல. முதுமையில் குருத்தெலும்பு தேய்வது ஒன்று. தொடையெலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்து அது செத்துப்போவது மற்றொன்று. நம் நாட்டில் இளவயதினர் பலருக்கு மூட்டு மாற்று வேண்டியிருப்பது இந்தக் காரணத்தினால்தான். அதிக மதுவும், ஸ்டீராய்டு மருந்துகளை நெடுநாள் உட்கொள்வதும் இதற்கு வழி வகுக்கும். வலி தீர்க்கும் என்று விற்கும் பெயர் தெரியாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கக் கண்டதுண்டு, ஜாக்கிரதை!

வயதானவர் கீழே விழுந்து, எழுந்து நிற்க முடியாமல், கால் சற்றுக் குட்டையாகி வெளிப்புறம் திரும்பியிருந்தால், அது எலும்பு முறிவாயிருக்கலாம். அப்போது தைலமும் வேண்டாம், கட்டும் வேண்டாம்; அன்றைக்கே ஆஸ்பத்திரி. வலியோடு ஜுரமும் மெலிவும் சேர்ந்தால் க்ஷயரோகம் மூட்டைப் பற்றியிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

சானடோரியமும் செயற்கை மூட்டும்

க்ஷயரோகம் என்றதும் தாம்பரத்துக்காரர்களுக்குச் சானடோரியம் நினைவுக்கு வரும். 1928-இல் டாக்டர் சவரிமுத்து என்னும் தமிழர் காற்றோட்டமான அந்த இடத்தில் நோயாளிகளுக்காக அதை அமைத்தார். 1937-இல் சர்க்கார் ஏற்றுக்கொண்டது. செயற்கை இடுப்பு மூட்டின் சரித்திரமும் இந்த நோயோடு பின்னிக் கிடக்கிறது. 1890-ஐ ஒட்டிய வருஷங்களில் பெர்லினில் குளுக் என்ற வைத்தியர், க்ஷயம் அரித்த மூட்டுகளுக்குப் பதிலாக யானைத் தந்தத்தால் மூட்டுச் செய்து வைத்தார். அவை நிலைக்கவில்லை. பிற்பாடு இங்கிலாந்தில் ரைட்டிங்டன் என்ற இடத்தில், முதலில் க்ஷயரோக ஆஸ்பத்திரியாயிருந்த கட்டடங்களில்தான், ஜான் சார்ன்லி தமது ஆராய்ச்சியை நடத்தினார். முதலில் அவர் கிண்ணத்துக்கு டெஃப்லானை உபயோகித்தார்; சில வருஷங்களில் அது தேய்ந்துபோய் நோயாளிகள் திரும்பி வந்தார்கள். மனிதர் சோரவில்லை. தமது தொடையிலேயே அந்தப் பொருளைச் செலுத்திக்கொண்டு உடம்பு என்ன செய்கிறது என்று கவனித்தார்! 1962 நவம்பரில் பாலிஎதிலீன் கிண்ணத்தோடு அவர் செய்யத் தொடங்கிய சிகிச்சையே இன்றைய சிகிச்சைக்கு மூலம்.

கத்திக்கு முன்னால்

டாக்டர் உடனே கத்தியை எடுக்கவில்லை. "முதலில் பிஸியோதெரபி" என்றார். இயன்முறை மருத்துவம் என்று இப்போது சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் இந்தத் துறைக்குப் பெருமை தேடித் தந்தவர் வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் மோட்டார் விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, கால்கள் செயலற்றுப் போன பிறகு, அமெரிக்கா சென்று புனர்வாழ்வு மருத்துவம் கற்று வந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே பிறரை நடக்கவைத்தார்.

அத்தைக்கு வந்து சேர்ந்த பெண் இருபத்தைந்து வயதுக்குட்பட்டவள். முதல் நாளே அத்தையின் கைத்தடியைப் பிடுங்கி மறு கையில் கொடுத்தாள்.

"வலி இடது பக்கம் அல்லவா?" என்று அத்தை வாதாடினாள்.

"அதனால்தான் பாட்டி, தடி வலது கையில்" என்றாள் அந்தப் பெண்.

நடக்கும்போது இடுப்பு மூட்டின்மேல் உடல் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு பாரம் விழுகிறது. எதிர்க்கையில் தடி ஊன்றினால், தொடைப் பக்கத்துச் சதைகளின் வேலை குறைந்து அந்தப் பாரமும் குறைகிறது. படிக்கும் ஒரு சூத்திரம் உண்டு: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுள்ள காலும் தடியும் முதலில்.

பயிற்சிகள் எளியவை. மல்லாந்து படுத்துக் குதிகாலைப் படுக்கையில் இழுத்து முழங்காலை மடக்குவது. பிருஷ்டச் சதைகளை இறுக்கி ஐந்து எண்ணி விடுவது. முழங்காலைப் படுக்கையில் அழுத்துவது. ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு காலைப் பக்கவாட்டில் தூக்குவது. ஒவ்வொன்றும் பத்துத் தடவை, காலையும் மாலையும். செய்யும்போது சிறிது வலிக்கலாம். மறுநாள் காலைக்குள் அந்த வலி அடங்காவிட்டால் பயிற்சியைக் குறைக்கவேண்டும். அவரவர் மூட்டைப் பார்த்தவரிடம் கேட்டே தொடங்கவேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

தேய்ந்த குருத்தெலும்பு இதனால் முளைத்துவிடாது. ஆனால் சதை வலுத்தால் மூட்டின் சிரமம் குறையும். பலருக்குச் சஸ்திர சிகிச்சையை வருஷக்கணக்கில் தள்ளிப் போடவும் முடிகிறது. அதே சானடோரியம் பகுதியில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கிறது. தொக்கணத்தால் சதைப் பிடிப்புத் தளர்ந்து சுகம் கண்டவர்கள் உண்டு. ஆனால் தேய்ந்த கிண்ணத்தை எந்தத் தைலமும் புதிதாக்காது. அங்கே எது உட்கொண்டாலும் இங்கே மறைக்கக்கூடாது.

தையில் கல்யாணம் நடந்தது. அத்தை தடியோடு வந்தாள். மணையில் உட்கார முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து ஆசீர்வாதம் செய்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு அவள் தூங்கவில்லை. வலியினால் மட்டும் அல்ல.

கிளம்புவதற்கு முன்

மாசியில் படுத்தாலும் வலி விடவில்லை. "செய்துகொள்கிறேன்" என்றாள் அத்தை. பயிற்சியும் தடியும் மருந்தும் போதாமல், இரவுத் தூக்கமும் பகல் நடமாட்டமும் போய்விட்டால், அதுவே காலம். பயந்து பல வருஷம் தள்ளினால் சதைகள் மெலிந்து, பிறகு எழுந்து நடப்பதே பெரும்பாடாகிவிடும்.

நம்மவர்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதென்றால் பிளாஸ்கையும் போர்வையையும் தேடுவார்கள். தேடவேண்டியது வேறு. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, ரத்தசோகை உண்டா, சொத்தைப் பல், காலில் புண், நீர்த்தாரையில் தொற்று ஏதேனும் உண்டா என்று முதலில் பார்த்துக்கொள்ளவேண்டும். எங்கோ இருக்கும் கிருமி புதிய மூட்டில் குடியேறினால் அனைத்தும் பாழ். ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அதை எப்போது நிறுத்துவது என்பதை டாக்டரிடம் கேட்டே செய்யவேண்டும். புகையும் புகையிலையும் கூடாது. அத்தைக்கு மூட்டைக் கொடுப்பதைவிட வெற்றிலையோடு போடும் புகையிலையைக் கொடுப்பதுதான் கஷ்டமாயிருந்தது!

வீட்டையும் தயார் செய்தோம். கால் இடறும் மிதியடிகளைச் சுருட்டினோம். தாழ்ந்த கட்டிலுக்குக் கட்டை வைத்து உயர்த்தினோம். குந்தும் கழிப்பறையை மாற்றி உயர்ந்த இருக்கை வைத்து, சுவரில் பிடிகம்பி அடித்தோம். பூஜை அறையில் பெருமாள் படத்தை நாற்காலி உயரத்துக்கு ஏற்றினோம். சிகிச்சைக்குப் பின் ஊன்றவேண்டிய நடைச் சட்டத்தை மூன்று வாரம் முன்பே வாங்கிக் கூடத்தில் பழகினாள் அத்தை. இப்படி முன்கூட்டிச் செய்யும் பயிற்சியினால் ஆறு மாதம் கழித்துப் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. ஆனால் முதல் சில வாரங்கள் எளிதாகின்றன. பயம் மிகுந்த வாரங்களும் அவைதாம்.

டாக்டரைக் கேட்கவேண்டிய கேள்விகளும் உண்டு. என்ன மூட்டு வைக்கிறீர்கள்? எந்தக் கம்பெனி? கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. உலோகத்தோடு உலோகம் உரசும் ஏ.எஸ்.ஆர். என்ற மூட்டை அதன் கம்பெனி 2010-இல் உலகெங்கும் திரும்பப் பெற்றது. இந்தியாவில் ஏறக்குறைய 4,700 பேருக்கு அது வைக்கப்பட்டிருந்தது. அவர்களில் பலரைத் தேடிக் கண்டுபிடிப்பதே பிரம்மப் பிரயத்தனமாயிற்று. ஆகவே மூட்டின் பெயரும் எண்ணும் கொண்ட சீட்டை வீட்டுப் பத்திரத்தோடு வைத்துக் காப்பாற்றுங்கள். நல்ல மூட்டு எத்தனை நாள் வரும்? 2019-இல் பல நாட்டுக் கணக்குகளைத் திரட்டிப் பார்த்ததில், நூற்றுக்கு ஏறக்குறைய 58 மூட்டுகள் 25 வருஷம் உழைத்திருந்தன.

எழுந்து நின்றது

பங்குனியில் சிகிச்சை நடந்தது. மறுநாளே எழுப்பி நிறுத்தினார்கள். வீட்டுக்கு வந்தபின் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, புண்ணில் சீழும் ஜுரமும் கண்டாலோ உடனே ஓடிவரச் சொல்லி அனுப்பினார்கள். சில வாரங்கள் காலைக் குறுக்கே போடாமலும், தாழ்ந்த இடத்தில் உட்காராமலும் இருக்கச் சொன்னார்கள். பயிற்சியை மட்டும் விடவில்லை. பணச் செலவுக்கு அஞ்சுகிறவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரிகளையும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தையும் விசாரிக்கலாம். நகரத்துக் கே.கே. நகரில் அரசாங்கப் புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியாளர்கள் வீட்டுக்கே வருவதும் உண்டு.

"இனிமேல் மணையில் உட்காரலாமா?" என்று அத்தை டாக்டரைக் கேட்டாள்.

"உட்காராமலிருப்பது நல்லது" என்றார் அவர்.

அத்தையின் முகம் சிறிது வாடியது. பிறகு, "போகட்டும், படி ஏறலாமா?" என்று கேட்டாள்.

ஆவணியில் நாங்கள் மறுபடி அந்த மேம்பாலத்தில் ஏறினோம். அவள் ஒருமுறை நின்றாள். "வலிக்கிறதா?" என்று பதறினேன். "இல்லையடா, நீ பின்தங்கிவிட்டாய்" என்றாள்.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர் எவரேனும் சமீபமாகக் கோயிலுக்குப் போவதைக் குறைத்திருந்தால், தரையில் உட்காருவதைத் தவிர்த்தால், நகம் வெட்டப் பேத்தியை அழைத்தால், காரணத்தை அவர்களாகச் சொல்வார்கள் என்று காத்திராதீர்கள். இன்று மாலையே கூடத்தில் நாலடி நடக்கச் சொல்லிப் பாருங்கள்.