மலர் வளையம் போதுமா?



ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று தீயணைப்பு நிலையங்களில் மலர் வளையம் வைக்கிறார்கள். 1944-இல் அதே நாளில்தான் பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில், வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றி வந்த ‘போர்ட் ஸ்டிக்கின்’ கப்பல் வெடித்தது. தீயை அணைக்கப் போன 66 வீரர்கள் மாண்டார்கள். 2015 மே மாதம் கால்பாதேவியில் எரிந்த கட்டடம் இடிந்ததில் நான்கு தீயணைப்பு அதிகாரிகளைப் பறிகொடுத்தோம்.

எல்லோரும் படியிறங்கி ஓடும்போது படியேறிப் போவதே இவர்கள் தொழில். தீ மட்டுமா? மழைக்காலத்தில் இடிந்த வீட்டில் சிக்கியவனை மீட்பதும், கேஸ் கசிந்தால் ஓடி வருவதும் இவர்களே. நெருப்பைவிடப் புகையே பலரைக் கொல்கிறது. மூச்சுக் கருவி இல்லாமல் உள்ளே போவது தற்கொலைக்குச் சமம்.

நம் குடிசைச் சந்துகளுக்குள் தீயணைப்பு வண்டி நுழையாது. குழாயோடு குழாய் பூட்டி, ஆளே இழுத்து வர வேண்டும். ஆகவே மாநகராட்சியிடம் கேட்கிறோம்: காலியிடங்களை நிரப்பு! ஒவ்வொரு சந்து முனையிலும் தண்ணீர்க் குழாய் அமை! வீரர்க்குத் தரமான கருவி கொடு!

நமக்கும் கடமை உண்டு. சந்து வாயை வண்டியாலும் கடைத் தட்டியாலும் அடைக்காதீர்கள். 101 என்ற எண்ணைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். மராத்தியும் நன்றாகப் படிக்க வையுங்கள். உடல் வலுவுள்ள மகனையும் மகளையும் இந்த வேலைக்கு மனுப் போடச் சொல்லுங்கள். நம்மைக் காக்கும் படையில் நம் பிள்ளைகளும் நிற்கட்டும்.

மாண்டவர்க்கு மலர் வைத்தோம். உயிரோடிருப்பவர்க்கு என்ன செய்யப் போகிறோம்?