முதலில் தண்ணீர், பிறகு துணி



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்து நீங்கள் எல்லாரும் வீடு திரும்பிய பின்பு, ஆலய முற்றத்தில் நின்ற நமது சபை வேனைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். உச்சி வெயில் அதன்மேல் நேராக விழுந்தது. கருநீலக் கதவுகளில் சிலந்தி வலை விரித்தாற்போல் எண்ணற்ற மெல்லிய வட்டக் கீறல்கள் தெரிந்தன. நிழலில் இருக்கையில் கண்ணுக்குப் படாதவை அவை. நடக்க இயலாத முதியோரை ஆராதனைக்கு அழைத்துவரும்படி நீங்கள் மனமுவந்து கொடுத்த காணிக்கையால் வாங்கிய வண்டி அது. இன்னும் இரண்டு ஆண்டுகள்கூட நிறைவுறவில்லை.

இதைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு ஒரு கடமை இருக்கிறது. மூன்று மாதங்களுக்கு முன்பு, வாலிபர் ஐக்கியக் கூட்டத்தில், சனிக்கிழமைதோறும் வண்டியைக் கழுவிவந்த தம்பி ஒருவனை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொண்டேன். “தம்பி, வண்டியை இப்படியா தேய்ப்பது? இது சபையின் சொத்து அல்லவா?” என்றேன். “சரிங்க ஐயா” என்று மட்டும் சொன்னான். அதற்குப்பின் சனிக்கிழமைகளில் அவன் வரவில்லை.

சென்ற மாதம் இராஜபாளையத்தில், வண்டிகளுக்கு வண்ணம் பூசுவதில் தலைநரைத்த ஒரு பெரியவரிடம் வேனைக் காட்டினேன். அவர் கதவின்மேல் உள்ளங்கையை மெல்ல வைத்து இழுத்தார். பிறகு என்னிடம் கேட்டார்: “தினமும் காலையில் இதைத் துடைக்கிறது யாருங்க ஐயா?”

“நான்தான்.”

“எதை வைத்து?”

“மஞ்சள் துணி.”

“தண்ணீர்?”

“தண்ணீர் இல்லை. தூசி தட்டுவதுதானே?”

அவர் வாய்விட்டே சிரித்துவிட்டார். ஒரு வாரத்தில் ஒரு நாள் அந்தத் தம்பி தேய்த்தான். மற்ற ஆறு நாள் நான் தேய்த்திருக்கிறேன். அவன் கையில் துணி துவைக்கும் தூளை வாங்கிக் கொடுத்தவனும் நானே. பலருக்கு முன்பாக அவனைக் கடிந்துகொண்டேனாகையால், பலர் வாசிக்கும் இந்தப் பக்கத்திலேயே தவறு என்னுடையது என்று எழுதுவது முறை. அவனுடைய வீட்டிற்கும் சென்று சொல்லிவிட்டேன்.

போத்தின் வெளிப்புறத்தையும் கிண்ணத்தின் உட்புறத்தையும் குறித்த வேதபகுதிக்கு நான் இப்பொழுது தாவுவேன் என்று உங்களில் சிலர் எதிர்பார்க்கக்கூடும். இவ்வாரம் அங்கே போகப்போவதில்லை. வெளிப்புறத்தைப் பற்றியே பேச விரும்புகிறேன். நம்மில் பெரும்பாலோர் அதைக்கூட ஒழுங்காகக் கழுவ அறியவில்லை என்பது என் தாழ்மையான கருத்து.

வண்டியின் தகட்டின்மேல் முதலில் பிரைமர் என்ற அடிப்பூச்சு, அதன்மேல் நிறம், நிறத்தின்மேல் கண்ணாடி போன்ற கிளியர் கோட். நாம் பளபளப்பு என்று வியப்பது இந்தக் கடைசிப் படலத்தைத்தான். பெரும்பாலான கார்களில் இதன் கனம் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். நம் தலைமயிர் ஒன்றின் பருமனே சராசரியாக 70 மைக்ரான் வரும். ஆகவே, மயிரிழையிலும் மெல்லியதொரு போர்வைதான் நிறத்தைக் காக்கிறது. மெழுகு பூசியிருந்தால், அது இதனினும் பன்மடங்கு மெல்லியதாய் மேலே படிந்திருக்கும்.

இனி நம் ஊர்த் தூசியை எண்ணிப்பாருங்கள். திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையில் இரவும் பகலும் லாரிகள் ஓடுகின்றன. ஆனி, ஆடி மாதங்களில் மலையிலிருந்து இறங்கும் மேல்காற்று செம்மண்ணை வாரி இறைக்கிறது. சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே போய்வந்தால் கரிசல் மண்ணும் சக்கரங்களோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. மண்ணில் கலந்திருக்கும் மணற்பொடி பெரும்பாலும் குவார்ட்ஸ் என்னும் கனிமம். கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவையில் அது 7. நாம் காய்கறி நறுக்கும் இரும்புக் கத்தி ஏறத்தாழ ஐந்தரை. கத்தியைவிடக் கடினமான துகள்கள் படிந்த பரப்பின்மேல் உலர்ந்த துணியை வைத்து அழுத்தித் தேய்த்தால் அந்தத் துணி உப்புத்தாளாகிறது. துணி எவ்வளவு மென்மையானது என்பது அங்கே ஒரு பொருட்டே அல்ல.

பாலிஷ் போட்டுச் சரிசெய்துவிடலாமே என்று நானும் அந்தப் பெரியவரிடம் கேட்டேன். செய்யலாம் என்றார். ஆனால் பாலிஷ் என்பது கீறலை நிரப்புவதன்று. கீறலின் ஆழம்வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சீவி மட்டமாக்குவது. ஒவ்வொரு முறையும் போர்வை சற்று மெலியும். சில முறை செய்தபின் சீவுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

ஆகையால் என் முதல் வேண்டுகோள்: தினந்தோறும் காலையில் உலர்ந்த துணியால் வண்டி துடைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். இருசக்கர வாகனத்தின் பெட்ரோல் டேங்கைச் சட்டைக் கையால் துடைக்கும் வழக்கத்தையும் சேர்த்தே சொல்லுகிறேன். தூசியோடு ஒரு வாரம் நிற்பதால் வண்டிக்குப் பெருங்கேடு ஒன்றுமில்லை. காக்கை எச்சம் மட்டும் விலக்கு. அதிலுள்ள அமிலம் வெயிலில் கிளியர் கோட்டை அரித்துத் தழும்பாக்கிவிடும். அதைச் சுரண்டாமல், நனைந்த துணியைச் சில நிமிடம் மேலே போட்டு ஊறவைத்து, பிறகு மெல்ல எடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது, துணி துவைக்கும் தூள். இதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாயிருக்கிறது. நம் வீடுகளில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் செய்கிறோம். அந்தத் தூள் காரத்தன்மை உடையது. எண்ணெய்ப் பிசுக்கை அறுப்பதற்கென்றே செய்யப்பட்டது. மெழுகும் கொழுப்பினத்தைச் சேர்ந்ததாகையால், அழுக்கோடு அதையும் கொஞ்சங்கொஞ்சமாகக் கொண்டுபோய்விடுகிறது. கரையாத குருணை வேறு கீறுகிறது. பாத்திரம் துலக்கும் திரவமும் பிசுக்கை அறுப்பதில் அதற்குக் குறைந்ததன்று. காரமோ அமிலமோ மிகாத, வண்டிக்கென்று விற்கும் ஷாம்பு ஒரு வாளி நீருக்கு ஓரிரு மூடி அளவே போதும்.

மெழுகு என்றேன், அதன் கதை அழகானது. வண்டி மெழுகுகளில் பெயர் பெற்றது கார்னாபா. பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து அது கிடைக்கிறது. வறண்ட காலத்தில் தன்னுள் இருக்கும் நீர் ஆவியாகிவிடாதபடி அந்த மரம் தன் ஓலைகளுக்குத் தானே மெழுகு பூசிக்கொள்கிறது. ஓலையை வெட்டிக் காயவைத்து, அடித்து, அந்த மெழுகைப் பிரித்தெடுக்கிறார்கள். பனையோடு வாழ்ந்த மக்களின் பிள்ளைகளாகிய நமக்கு இது அந்நியமாய்த் தோன்ற வேண்டியதில்லை. நம் குளத்துத் தாமரை இலையில் தண்ணீர் முத்தாக உருளுவதற்கும் மெழுகே காரணம். உங்கள் வண்டியில் மெழுகு இன்னும் இருக்கிறதா என்று அறிய இதுவே எளிய வழி: கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சேம்பிலையில்போல் உருண்டு திரண்டால் மெழுகு இருக்கிறது. தட்டையாகப் பரவினால் போய்விட்டது. எங்கள் வேனில் பரவியது.

கழுவும் முறையை அந்தப் பெரியவர் சொன்னபடியே தருகிறேன். நான் இரண்டு வாரமாக அப்படித்தான் செய்துவருகிறேன். தகடு சூடாயிருக்கும்போது கழுவக்கூடாது. சோப்பும் நீரும் கையெடுக்குமுன் காய்ந்து திட்டுத் திட்டாகப் படியும். நம் ஊரில் சூரியன் மலைக்குப்பின் சீக்கிரம் மறைவது இதற்கு வசதி. மாலை ஐந்து மணிக்குமேல் தகடு ஆறிவிடும். முதலில் துணியைத் தொடவே வேண்டாம். கூரையிலிருந்து தண்ணீரை மெல்ல வழியவிட்டு, உதிரக்கூடிய மண் எல்லாம் தானே உதிர்ந்து இறங்கும்வரை பொறுக்க வேண்டும். செடிக்கு ஊற்றும் பூவாளி இதற்கு மிகப் பொருத்தம். இந்த ஐந்து நிமிடப் பொறுமையில்தான் முக்கால் பங்கு வேலை இருக்கிறது. நான் கண்ட மட்டும் இதைத்தான் எல்லாரும் தவிர்க்கிறார்கள்.

பிறகு இரண்டு வாளிகள். ஒன்றில் ஷாம்பு கலந்த நீர், மற்றொன்றில் வெறும் நீர். மென்துணியை ஷாம்புவில் நனைத்து ஒரு பகுதியைக் கழுவியதும், வெறும் நீரில் அலசிப் பிழிந்த பின்பே மறுபடி ஷாம்புவில் நனைக்க வேண்டும். ஒரே வாளி என்றால், கதவிலிருந்து எடுத்த மணலை நாமே திரும்பக் கதவில் தேய்க்கிறோம். மேலிருந்து கீழே வரவேண்டும்; வட்டமாய்ச் சுழற்றாமல் நேராக இழுக்கவேண்டும்; அழுத்தக்கூடாது. துணி தரையில் விழுந்தால் அதை அன்றைக்கு ஒதுக்கிவிடுங்கள். பொத்தானும் தடித்த தையலும் உள்ள பழைய சட்டை வேண்டாம். சக்கரங்களுக்கு வேறு வாளி, வேறு துணி, அதுவும் கடைசியாக. முடிவில் ஈரத்தை அப்படியே காயவிடாதீர்கள். நம் ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள சுண்ணாம்பு, துளி காய்ந்த இடத்தில் வெள்ளைப் புள்ளியாக நின்றுவிடும். மைக்ரோஃபைபர் துண்டை விரித்து ஒற்றியெடுங்கள்.

ஆண்டவர் தம் சீஷர்களின் பாதங்களைக் கழுவிய இரவை இதை எழுதுகையில் நினைத்துக்கொண்டேன். அவர் பாத்திரத்தில் தண்ணீர் வார்த்தார்; முதலில் கழுவினார்; துண்டால் துடைத்தது அதற்குப் பிறகே. புழுதிச் சாலையில் நடந்து வந்தவர்களின் கால்களை அறிந்தவர் அவர்.

வாட்டர் சர்வீஸ் கடைகளைக் குறித்தும் ஒரு வார்த்தை. ஆயுத பூஜைக்கு முந்தைய நாளும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரமும் அங்கே வண்டிகள் வரிசையில் நிற்கும். எண்ணிக்கைக்குக் கூலி பெறும் பையன் ஒருவன், பின்னால் பத்து வண்டிகள் ஹாரன் அடிக்கும்போது பொறுமையாய்க் கழுவுவான் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமையில் போங்கள்; பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாதீர்கள். பளபளப்புக்காக டீசல் துடைப்பதாகச் சொன்னால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். அந்தப் பளபளப்பு மறுநாளே தூசியை ஈர்த்துப் பிடிக்கும். ரப்பர் பாகங்களையும் கெடுக்கும்.

எனக்கு உடன்பாடில்லாத இன்னொன்று, வண்டியைக் குளத்துக்குள்ளும் ஓடைக்குள்ளும் இறக்கிக் கழுவுவது. அடிப்பாகத்து கிரீஸும் எண்ணெயும் நீர்மேல் படலமாக மிதக்கின்றன. ஆடுமாடுகள் குடிக்கும் நீர் அது. அந்த மணற்சேற்றை அள்ளித் தேய்ப்பதால் வண்டிக்கும் நன்மையில்லை.

தண்ணீரின் அளவையும் கவனியுங்கள். நிமிடத்துக்கு 10 லிட்டர் வரும் குழாயை 20 நிமிடம் திறந்துவைத்தால் 200 லிட்டர். நான் இப்பொழுது வேனுக்குச் செலவிடுவது 15 லிட்டர் வாளியில் ஐந்து, அதாவது 75 லிட்டர். 2019 கோடையில் சென்னை மக்கள் குடங்களோடு லாரிக்குக் காத்திருந்ததைச் செய்தியில் கண்டோம். 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம், குடிநீரால் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. மலையடிவாரத்தில் இருக்கிறோம் என்பதால் நமக்கு அந்த நாள் வராது என்று நான் நம்பவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நிதானமாய்க் கழுவுவது, தினமும் அவசரமாய்த் தேய்ப்பதைவிட வண்டிக்கும் நல்லது, கிணற்றுக்கும் நல்லது.

வாடகை வண்டி ஓட்டிக் குடும்பம் நடத்தும் சகோதரர்கள் நம் சபையில் இருக்கிறார்கள். விற்கப் போகும் நாளில், வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது கதவின் நிறத்தைத்தான் என்பது அவர்களுக்கு என்னைவிட நன்றாய்த் தெரியும். அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. என்னைப் போல் ஆறு நாளும் தூசி தட்டுகிறவர்களுக்கே இதை எழுதினேன்.

அந்தத் தம்பி என்னை உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தான். நான் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்ததும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “கூரைக்கு என் கை எட்டாது ஐயா, அதை நீங்க பாத்துக்கோங்க” என்றான். வருகிற சனிக்கிழமை மாலை 5 மணிக்கு இருவரும் ஆலய முற்றத்தில் இருப்போம். வாளிகள் மூன்றும் போதகர் இல்லத்தில் இருக்கின்றன, ஷாம்பு வாங்கிவிட்டேன். பூவாளி மட்டும் இல்லை, இதுவரை சொம்பால்தான் ஊற்றிவந்தேன். உங்களில் எவர் தோட்டத்திலாவது இருந்தால் அன்றைக்கு எடுத்துவாருங்கள்.