இது எந்தக் கட்சியின் திட்டம்?

"இது எந்தக் கட்சியின்ரை திட்டம், சுவாமி?"

2025இல் அரசாங்கம் அறிவித்த கல்விச் சீர்திருத்தத்தைப் பற்றிப் பெற்றோருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, இடம்பெயர்ந்து வந்த கமக்காரர் ஒருவர் இப்படிக் கேட்டார். கட்சியைப் பாராமல் பிள்ளைகளின் நன்மையைப் பார்ப்போம் என்று வழக்கமான மறுமொழியைச் சொல்லி வைத்தேன். திரும்பி வரும் வழியில் அந்த மறுமொழி எனக்கே பிடிக்கவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. இந்நாட்டில் கல்வியைத் திருத்த வந்தவர்கள் எல்லாரும் ஏதோவொரு பக்கம் சாய்ந்தே நின்றார்கள். அவர்களை எதிர்த்தவர்களும் அப்படித்தான்.

சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கர இடதுசாரியல்லர், இலங்கைத் தேசிய காங்கிரஸ்காரர். ஆயினும் அவருடைய இலவசக் கல்வித் திட்டம் 1945 ஒக்டோபர் 1ஆந் திகதி நடைமுறைக்கு வந்தபோது ஏழைக் கமக்காரனின் பிள்ளைக்கும் பல்கலைக்கழகம் வரை கதவு திறந்தது. அத்திட்டத்தை எதிர்த்தவர்களில் எங்கள் திருச்சபைத் தலைமையும் ஒன்று. விசுவாசத்தையும் பெற்றோரின் உரிமையையும் காக்கிறோம் என்றோம். அரசு பாடசாலைகளைப் பிடித்துவிடும் என்ற அச்சம் பொய்யல்ல. 1960இல் சுவீகரிப்பு வந்தது. ஆனால் பணங் கட்டிப் படித்த குடும்பங்களின் நலனும் அந்த எதிர்ப்புக்குள் ஒளிந்திருந்தது. அதையும் அரசியல் என்றுதான் சொல்லவேண்டும். குருமடத்தில் எங்களுக்கு 1960 பற்றி நிறையச் சொன்னார்கள். 1945 பற்றி அவ்வளவாகச் சொல்லவில்லை.

1970இல் வந்த ஐக்கிய முன்னணி ஆட்சியில் லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் பங்காளிகள். 1972ஆம் ஆண்டின் பாடத்திட்டத்தில் விவசாயம் போன்ற தொழில்முன்னிலைப் பாடங்களைச் சேர்த்தார்கள். மண்வெட்டி பிடிக்கும் கைக்கு வகுப்பறையில் மதிப்புக் கொடுக்கும் நல்லெண்ணம் அது. "கமஞ்செய்யப் பழக்கவோ பள்ளிக்கூடம் விடுகிறது?" என்று கேட்ட பெற்றோரும் உண்டு. 1977இல் ஆட்சி மாற, அந்தத் திட்டமும் கைவிடப்பட்டது.

அதே ஐக்கிய முன்னணி ஆட்சிதான் 1971இல் பல்கலைக்கழக அனுமதியில் மொழிவாரித் தரப்படுத்தலைக் கொண்டுவந்தது. தமிழில் எழுதிய மாணவர் கூடிய புள்ளி எடுக்கவேண்டியிருந்தது. சமத்துவம் பேசிய தோழர்கள் அமைச்சரவையில் இருக்கும்போதே இது நடந்தது. அதன் பின்விளைவை எங்கள் குடும்பங்களுக்கு நான் எடுத்துச்சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், யாழ்ப்பாணத்து நண்பர்கள் சிலர் என்னைக் கோபிப்பார்கள். 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு யாழ்ப்பாணப் பிள்ளைகளைப் பாதித்தது உண்மை. ஆனால் மன்னார், வவுனியா போன்ற பின்தங்கிய மாவட்டங்களின் தமிழ்ப் பிள்ளைகள் சிலருக்கு அதுவே வழிவிட்டது. ஒரே ஆட்சி, ஒரே அமைச்சு. ஒரு கையால் அடித்தது, மறு கையால் சிலரைத் தூக்கியது.

ஆகவே இடதா வலதா என்பதைக் கொண்டு மட்டும் சீர்திருத்தக்காரரை அளக்க நான் ஆயத்தமில்லை. தனக்குச் சாய்வே இல்லை என்பவரிடத்தில் எனக்கு இன்னும் கூடிய சந்தேகம். அவருடைய மனக்கண்ணில் எந்தப் பிள்ளை இருக்கிறது என்று பார்க்கிறேன்.

இன்றும் பெரும்பாலான பீடங்களுக்கு 55 வீத அனுமதி மாவட்ட அடிப்படையிலேயே நடக்கிறது. அந்தக் கமக்காரரின் மகள் மூன்று மாவட்டங்களில் நான்கு பாடசாலைகளில் படித்தவள். அடுத்த கூட்டத்துக்குக் கல்வி அதிகாரி வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவள் எந்த மாவட்டத்துப் பிள்ளை என்பதை அவரிடமே கேட்போம்.