சிங்க் டிஸ்போசலை மாற்றப் போறீங்களா? அதே வகையைத் திரும்ப வாங்காதீங்க

1/ அமெரிக்காவில் குடும்பத்தோடு இருக்கும் நம்ம மக்களுக்கான த்ரெட் இது. கிச்சன் சிங்க்குக்கு அடியில் இருக்கும் 'கார்பேஜ் டிஸ்போசல்' பழுதாகி, புதுசு மாட்டுறதைப் பற்றி. "இதுல டாக்டருக்கு என்ன வேலை?"ன்னு கேட்பீங்க. விரலும் கண்ணும் சம்பந்தப்பட்ட விஷயம், அதான்.

2/ நேரா கருத்துக்கு வர்றேன். வீட்டில் சின்னக் குழந்தையோ, ஊரிலிருந்து வந்து தங்கும் அப்பா அம்மாவோ இருந்தா, 'பேட்ச் ஃபீட்' வகையை வாங்குங்க. மூடியை வைத்துத் திருகினால்தான் அது ஓடும்.

3/ சாதாரண வகை சுவர் சுவிட்சில் ஓடுது. பார்க்க லைட் சுவிட்ச் மாதிரியே இருக்கும், பல வீடுகளில் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும். உள்ளே விழுந்த ஸ்பூனை எடுக்க அம்மா கையை விட்டிருக்கும்போது, பேரன் லைட்னு நினைச்சு அதைத் தட்டினா? பேட்ச் ஃபீட்டில் மூடி இருந்தாத்தான் மோட்டார் சுற்றும். மூடி இருந்தா கை உள்ளே போகாது.

4/ "உள்ளே பிளேடே கிடையாதே டாக்டர்"னு சிலர் சொல்வாங்க. உண்மைதான். சுழலும் தட்டில் இருக்கும் மொட்டையான உலோகத் துண்டுகள், கழிவைச் சுற்றியுள்ள வளையத்தில் மோதி நசுக்கும். ஆனா மருத்துவத்தில் அது ஆறுதல் இல்லை. கத்தியால் சுத்தமா வெட்டுப்பட்ட விரலைச் சேர்ப்பதைவிட, நசுங்கிய விரலைச் சேர்ப்பது ரொம்பக் கஷ்டம். ரத்தக் குழாயும் நரம்பும் சிதைஞ்சு போயிருக்கும்.

5/ குறைகளும் உண்டு. பொதுவா விலை கொஞ்சம் கூட. ஒவ்வொரு தடவையும் மூடி போடணும். சுவர் சுவிட்ச் தேவையில்லாததால, அந்த வயரிங்கை எலக்ட்ரீஷியன் மாற்ற வேண்டி வரலாம். என் கணக்கில் இது எல்லாமே ஒரு விரலைவிட மலிவு.

6/ நீங்களே கழற்றினா, முதல் வேலை பிரேக்கரை ஆஃப் பண்றது. சுவர் சுவிட்சை மட்டும் நம்பாதீங்க. மெஷின் நல்ல கனம். அடியில் வாளியையோ ஸ்டூலையோ முட்டுக் கொடுக்காம வளையத்தைத் திருகினா நேரா முகத்தில் விழும்.

7/ பலர் மறக்கிறது இது. அடைப்பு எடுக்க முந்தின நாள் டிரெயின் கிளீனர் ஊற்றியிருந்தா, அந்தக் காரத் தண்ணீர் வளைவுக் குழாயில் அப்படியே தேங்கி நிற்கும். கீழே படுத்துக் குழாயைத் திறந்தா கண்ணில் கொட்டும். அமிலத்தைவிடக் காரம் கண்ணுக்குள் ஆழமா இறங்கும். கண்ணாடி, கையுறை போடாம தொடாதீங்க. பிளம்பர் வந்தா, ஊற்றினதை அவரிடம் முதல்லயே சொல்லுங்க. கண்ணில் பட்டா உடனே குழாய்த் தண்ணீரில் குறைந்தது 15 நிமிஷமாவது விடாம கழுவிட்டு எமர்ஜென்சிக்குப் போங்க.

8/ டிஷ்வாஷர் இருந்தா, புது மெஷினில் அதற்கான துளையை அடைச்சிருக்கும் பிளாஸ்டிக் தக்கையை, மாட்டும் முன்னாடியே தட்டி எடுத்துடுங்க. விட்டுட்டா டிஷ்வாஷர் தண்ணீர் வடியாது.

9/ யாருக்காவது கை மாட்டிக்கிச்சுன்னா இழுக்காதீங்க. பிரேக்கரை ஆஃப் பண்ணிட்டு 911. விரல் துண்டானா ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் மூடி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்க. விரலில் ஐஸ் நேரா படக் கூடாது.

10/ அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போட்டாச்சா? அவங்க வர்றதுக்குள்ள இந்த மெஷினை மாற்றிடுங்க. அதுவரைக்கும் அந்தச் சுவிட்ச் மேல ஒரு சிவப்பு டேப்பாவது ஒட்டி வையுங்க.