நின்ற இடத்தில் ஆடும் வண்டி

எங்கள் ஊரில் ஆட்டத்துக்கு ஒருபோதும் குறைவில்லை. நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளுள் ரத்தின சபை திருவாலங்காட்டில்தான் இருக்கிறது. காளியோடு போட்டியிட்டு இறைவன் திருவடியை உச்சிக்குத் தூக்கி ஆடிய தலம் இது என்பார்கள். காரைக்கால் அம்மையார் அந்த ஆட்டத்தைக் கண்டுகொண்டே இருக்கும் பேறு பெற்றதும் இங்கேதான். ஆனால் சென்ற மார்கழி மாதத்தில் எங்கள் தெருவில் நிகழ்ந்த ஆட்டம் வேறு ரகத்தைச் சேர்ந்தது. அதை ஆடியது, என் தகப்பனார் விட்டுச் சென்ற பழைய அம்பாஸடர் வண்டி.

ஓடும்போது அது பரம சாது. நின்ற இடத்தில்தான் அதற்கு ஆவேசம் வரும். எஞ்சின் சத்தம் 'உம்' என்று உயரும், பிறகு தாழும், அணைந்துவிட்டது என்று நினைக்கும் தருணத்தில் மறுபடியும் உயரும். கூடவே கதவும் கண்ணாடியும் தாளம் போடும். "ஸார், உங்கள் வண்டிக்குக் குளிர் ஜுரமா?" என்று எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

சிரிப்பு அதிக நாள் நிலைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தாயாரை அழைத்துக்கொண்டு திருத்தணி மலைப் பாதையில் ஏறினேன். திருப்பம் ஒன்றில் எதிரே வண்டி இறங்கியதால் நிறுத்த நேர்ந்தது. என் எஞ்சினும் தானாகவே நின்றுவிட்டது. கைப் பிரேக்கை இழுப்பதற்குள் வண்டி இரண்டு முழம் பின்னால் உருண்டது. பின் ஆசனத்தில் இருந்த தாயார் "முருகா!" என்றார். அவர் அப்படிச் சொல்வது புதிதல்ல. அன்று சொன்ன குரல்தான் புதிது. இனிமேல் இதை வேடிக்கையாகக் கருதலாகாது என்று அந்த இடத்திலேயே தீர்மானித்தேன்.

வைத்தியர்களுக்கா பஞ்சம்? ஒருவர், "ரிங் தேய்ந்துவிட்டது, எஞ்சினை இறக்க வேண்டும்" என்றார். மற்றொருவர் கார்புரேட்டரையே மாற்றச் சொன்னார். மூன்றாமவர் ஒன்றும் பேசாமல் 'ஸ்லோ' ஸ்குருவை இரண்டு சுற்றுத் திருகி, வேகத்தை உயர்த்திவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டார். கணக்கு வராத பையனுக்குக் கருணை மார்க் போட்டு மேல் வகுப்புக்குத் தள்ளுவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. குற்றம் உள்ளே அப்படியே இருக்கிறது. வெளியே தெரியாமல் மூடப்படுகிறது, அவ்வளவுதான்.

பெரிய செலவில் இறங்குமுன் சிறிது யோசிப்போமே என்று தோன்றியது. நிற்கும்போது மட்டும் தடுமாறி, ஓடும்போது ஒழுங்காக இருக்கும் எஞ்சின் நமக்கு என்ன சொல்லுகிறது?

பெட்ரோல் எஞ்சின் காற்றையும் பெட்ரோலையும் ஓர் அளவில் கலந்து உண்ணுகிறது. எடைக் கணக்கில், ஒரு பங்கு பெட்ரோல் முழுவதும் எரிய ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். வண்டி நிற்கும்போது கார்புரேட்டரின் காற்றுக் கதவு அநேகமாக மூடியிருக்கிறது. எஞ்சின் கொள்ளும் காற்று மிகக் குறைவு. ஆனால் உள்ளே உறிஞ்சும் வலிமையோ மிக அதிகம். அப்போது கார்புரேட்டருக்கு அப்பால் எங்கேனும் ஊசித் துவாரம் இருந்தாலும், அதன் வழியே கணக்கில் சேராத காற்று புகுந்து கலவையைக் கெடுத்துவிடும். கதவு நன்றாகத் திறந்து வேகமாக ஓடும்போது உள்ளே செல்லும் காற்று பன்மடங்கு பெருகுகிறது, உறிஞ்சுதலும் தணிகிறது. அப்போது அந்தத் துவாரத்தின் திருட்டு பொருட்படுத்தத் தக்கதல்ல. உழக்குப் பாலில் கலந்த ஒரு கரண்டித் தண்ணீர் தெரியும். குடம் பாலில் தெரியுமா?

ஆயினும் சந்தேகப்பட்டதை உடனே குற்றவாளியாக்கக் கூடாதல்லவா? ஆகவே வரிசைக் கிரமமாகச் சோதித்தேன். வீட்டில் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த வரிசை உதவும்.

முதலில் நெருப்பு. நான்கு பிளக்குகளையும் கழற்றிப் பார்த்தேன். முனை கரிபடிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரிங் அல்லது வால்வு வழியே எண்ணெய் இறங்குகிறது. வெளிர் பழுப்பே ஆரோக்கியத்தின் நிறம். என்னுடையவை நான்கும் வெளுத்திருந்தன. பிளக் இடைவெளியை 0.6 மில்லிமீட்டருக்கும், பாயிண்ட் இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கும் சரிசெய்தேன். ஆட்டம் அடங்கவில்லை.

இரண்டாவதாக, எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு பிளக்கின் கம்பியாக விலக்கிப் பார்ப்பது. எந்தக் கம்பியை எடுத்தால் ஓட்டத்தில் மாறுதல் இல்லையோ, அந்த ஸிலிண்டர்தான் வேலை செய்யாத சோம்பேறி. விலக்கிய கம்பியின் முனையை எஞ்சின் உலோகத்தில் தொடவைக்க வேண்டும். ரப்பர்ப் பிடியுள்ள இடுக்கியின்றிக் கை வைக்கலாகாது. அதிர்ச்சி பலமாக இருக்கும். என் எஞ்சினில் எந்தக் கம்பியை எடுத்தாலும் ஒரேயளவு தள்ளாட்டம். ஆகவே குற்றம் ஒரு ஸிலிண்டருடையதல்ல, நான்குக்கும் பொதுவானது.

மூன்றாவதாக, காற்றுத் திருடனைத் தேடினேன். எண்ணெய்க் குப்பியை எடுத்து ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு சொட்டு விட்டேன். சிலர் இதற்குப் பெட்ரோலைத் தெளிப்பதுண்டு; சூடான எஞ்சினில் அது தீ விபத்துக்கு விடும் அழைப்பு. கார்புரேட்டர் மானிபோல்டுடன் சேரும் இடத்தில் எண்ணெய் பட்டதும் அது உள்ளே இழுக்கப்பட்டது. எஞ்சின் ஒரு மூச்சு நேரம் நிதானமாக ஓடிற்று. பின்னாலிருந்து சிறிது நீலப் புகை வந்தது. மீண்டும் பழைய ஆட்டம். திருடன் அகப்பட்டான்! அங்கிருந்த பாக்கிங் வருஷக்கணக்கில் வெந்து, இறுகி, ஓரத்தில் பிளந்திருந்தது. எஞ்சினை இறக்குவதற்கு ஆகும் செலவு எங்கே, இந்தத் துண்டின் விலை எங்கே!

புதிய பாக்கிங் வைத்தபின் கலவையைச் சரிபார்த்தேன். என் வண்டியில் இருப்பது எஸ்.யூ. வகைக் கார்புரேட்டர். அதன் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மெல்லத் தூக்கிப் பார்க்க வேண்டும். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே எஞ்சின் சோர்ந்தால் குறைவு. கணநேரம் கூடிப் பிறகு பழைய நிலைக்கு வந்தால் சரி.

எனக்கு இன்னும் கொஞ்சம் குறைவாகவே பட்டது. அதற்கும் காரணம் உண்டு. 2023-ஆம் ஆண்டு முதல் நமது நாட்டில் 100-க்கு 20 பங்கு எதனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்திருக்கிறது. எதனாலுக்கு எரிய வேண்டிய காற்று 9 பங்குதான். ஆகவே பழைய பெட்ரோலுக்கென்று அளவு வைத்த கார்புரேட்டர், புதிய பெட்ரோலைச் சற்றுக் குறைவாகவே ஊட்டுகிறது. ஜெட்டின் நட்டைச் சிறிது திருகியதும் குறை தீர்ந்தது. எதனால் ஈரத்தையும் இழுக்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் அரிக்கும். மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் இதை மறவாதிருப்பது நலம்.

இவ்வளவுக்கும் ஆட்டம் அடங்கவில்லையானால்தான் ரிங், வால்வு பற்றிய பேச்சு. அப்போதும் முதலில் கம்ப்ரெஷன் அளந்து பார்த்தல் வேண்டும். கார்புரேட்டர் இல்லாத பிற்கால வண்டிகளிலும் நியாயம் இதுவே: காற்றுக் கதவில் படிந்த அழுக்கு, ஐடில் வால்வு, பிளந்த குழாய் ஆகியவற்றைப் பார்த்த பிறகே விலையுயர்ந்த பெட்டிகளைச் சந்தேகிக்க வேண்டும். இன்னொன்று: இச்சோதனைகளை அடைத்த கொட்டகையில் செய்யாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உயிரை வாங்கும் சக்தி மட்டும் உண்டு.

சென்ற வாரம் மறுபடியும் மலை ஏறினோம். அதே திருப்பத்தில், வேண்டுமென்றே நிறுத்தினேன். எஞ்சின் தாழ்ந்த குரலில் சீராக முனகிக்கொண்டிருந்தது. "ஏன்டா நிறுத்திவிட்டாய்? என்ன ஆயிற்று?" என்று தாயார் கேட்டார்.

"ஒன்றும் ஆகவில்லை, அம்மா. அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றேன்.