வரைபடத்தில் பழைய வீடு

விட்டு வந்த வீட்டை இணைய வரைபடத்தில் தேடிப் பார்ப்பது இன்று பலருக்கும் பழக்கமாகிவிட்டது. 2007-இல் அமெரிக்காவில் தொடங்கிய கூகுள் ஸ்ட்ரீட் வியூ, அரசின் பாதுகாப்புத் தயக்கங்களைத் தாண்டி 2022 ஜூலையில்தான் சென்னை உட்பட 10 இந்திய நகரங்களில் முறையாக அறிமுகமானது. ராயபுரத்தை விட்டுப் போனவர் கல்மண்டபத்தில் தொடங்கித் திருப்பம் திருப்பமாக நகர்த்தி, அடிபம்பிலிருந்து மூன்றாவது வாசலைத் தேடுவார். ஓட்டுக்கூரை மாடியாகியிருக்கும், குடியிருந்தவர் பெயர்கள் மட்டும் நினைவிலிருந்து ஒவ்வொன்றாக வரும். தெருவைப் படமெடுக்கும் கார் நுழையாத சந்துகளுக்குக் கூகுள் எர்த்தின் செயற்கைக்கோள் படங்கள் உண்டு. அதில் முந்தைய ஆண்டுகளின் படங்களையும் பின்னோக்கிப் பார்க்கலாம். வடசென்னைக்கு இந்த வசதி வெறும் ஏக்கத்துக்கானது அல்ல. சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் வடக்கே நகரும் மணலை மறித்ததால் தெற்கே மெரினா அகன்றது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் ஊருக்குள் வந்தது. திருவொற்றியூர்க் கடலோரத்தில் வீடுகள் இருந்த சில இடங்கள் கருங்கல் தடுப்புக்கு அப்பால் தண்ணீராகிவிட்டன. காட்டுப்பள்ளிக் குப்பமோ கப்பல் கட்டும் தளத்துக்காக இடம் பெயர்ந்தது. பழைய படம் கூரையைக் காட்டும். அதன் கீழ் யார் வாழ்ந்தார்கள் என்று சொல்லாது. குடும்ப அட்டை, மின்கட்டண ரசீது, அக்கம்பக்கத்தார் சாட்சியம் ஆகியவற்றோடு சேர்த்தால் அது மறுகுடியமர்வுக் கோரிக்கைக்கு வலுவான துணை. இந்தப் படங்களை ஆண்டுவாரியாகத் தொகுத்து மக்கள் பார்வைக்கு வைப்பது மாநகராட்சியின் பொறுப்பாக வேண்டும்.