21 கிலோ மீட்டர் ஓட முடியுமா? முடியும், மெதுவாக ஓடினால்!

காலை 5 மணி. சென்னை மெரினா கடற்கரை. கடல் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது.

உழைப்பாளர் சிலைப் பக்கமிருந்து ஒருவர் ஓடி வருகிறார். நாற்பது வயதிருக்கும். புதுச் சட்டை, புதுக் காலணி. நல்ல வேகம். ஐந்து நிமிடம் ஆகிறது. மூச்சு இரைக்கிறது. இடுப்பைப் பிடித்துக் கொண்டு நிற்கிறார். கட்டைச் சுவரில் உட்கார்ந்து விடுகிறார்.

பின்னால் இரண்டு பெண்கள் வருகிறார்கள். வீட்டுக் கதை பேசிக் கொண்டே ஓடுகிறார்கள். ஓட்டமா, வேக நடையா என்று சந்தேகம் வருகிற ஓட்டம்! பேச்சும் நிற்கவில்லை, காலும் நிற்கவில்லை. உட்கார்ந்திருப்பவரைத் தாண்டிக் கலங்கரை விளக்கத்தை நோக்கிப் போய் விடுகிறார்கள்.

இது மெரினாவில் அடிக்கடி காணும் காட்சி. ஒரு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். அந்தப் பெண்கள் ஓடிக் கொண்டிருப்பார்கள். புதுக் காலணிக்காரரைக் காண முடியாது. முழங்கால் வலி என்று வீட்டில் இருப்பார். "ஓட்டம் நமக்கு ஒத்து வராது" என்று முடிவு கட்டியிருப்பார்.

ஓட்டம் அவருக்கு ஒத்து வராமல் போகவில்லை. அவசரம்தான் ஒத்து வரவில்லை.

இது என்ன கணக்கு?

அரை மாரத்தான் ஓட இப்போது ஊருக்கு ஊர் ஆசை பெருகி வருகிறது. அதன் தூரம் 21 கிலோ மீட்டர் 97 மீட்டர் 50 சென்டி மீட்டர். சென்னை சென்ட்ரலில் ரயில் ஏறி ஆவடியில் இறங்குகிறோமே, ஏறக்குறைய அவ்வளவு தூரம். 400 மீட்டர் மைதானத்தில் ஓடினால் 52 சுற்று முடித்து, 53-வது சுற்றிலும் முக்கால் பங்கு ஓட வேண்டும்.

ஏன் இப்படி ஒரு விசித்திரக் கணக்கு? முழு மாரத்தானின் தூரம் 42 கிலோ மீட்டர் 195 மீட்டர். அதில் பாதி இது.

முழு தூரம் வந்த கதை சுவையானது. 1908-ம் ஆண்டு லண்டனில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. வின்ட்சர் அரண்மனையில் ஓட்டம் தொடங்கியது. மைதானத்தில் அரச குடும்பத்தார் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே முடிந்தது. அந்தத் தூரத்தையே 1921-ம் ஆண்டு உலகம் முழுவதற்கும் பொதுவாக்கி விட்டார்கள்.

விழுந்து எழுந்தவர்

அந்த 1908 ஓட்டத்தில் நடந்த சம்பவம் ஒன்று, ஓட நினைக்கும் எல்லோரும் அறிய வேண்டியது.

அன்று நல்ல வெயில். இத்தாலியைச் சேர்ந்த டொராண்டோ பியத்ரி என்பவர் கடைசிக் கட்டத்தில் வேகத்தைக் கூட்டினார். முன்னால் போனவரைப் பிடித்தார். முதல் ஆளாக மைதானத்துக்குள் நுழைந்தார். ஆயிரக் கணக்கானவர்கள் ஆரவாரம் செய்தார்கள்.

ஆனால் அவர் உடலில் இருந்த சக்தியெல்லாம் தீர்ந்து போயிருந்தது. திசை தெரியாமல் தவறான பக்கம் திரும்பினார். விழுந்தார். எழுந்தார். மறுபடியும் விழுந்தார். கடைசியில் அதிகாரிகள் தாங்கிப் பிடித்து, எல்லைக் கோட்டைத் தாண்ட வைத்தார்கள். பிறர் உதவியோடு ஓடியது செல்லாது என்று தீர்ப்பாயிற்று. பின்னால் வந்த அமெரிக்க வீரர் ஜானி ஹேஸ் தங்கப் பதக்கம் பெற்றார்.

பியத்ரியின் துணிவைப் பாராட்டி அலெக்சாண்ட்ரா ராணி மறுநாள் அவருக்கு ஒரு கோப்பை கொடுத்தார். உலகம் இன்றும் அவரை மறக்கவில்லை. ஆனாலும் பாடம் பாடம்தான். தூரப் பந்தயத்தில் முன்னாலேயே செலவழித்த சக்தியைப் பின்னால் கடன் வாங்க முடியாது.

பெரிய வீரருக்கே இந்த நிலை என்றால், அலுவலக நாற்காலியில் பத்து வருடம் உட்கார்ந்து விட்டு நேற்றுக் காலணி வாங்கியவர் என்ன ஆவார்?

மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

புதிதாக ஓடுகிறவரை ஏமாற்றுவது அவருடைய மூச்சுதான்.

ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே இருதயமும் நுரையீரலும் பழகி விடுகின்றன. முதல் வாரம் மூச்சு வாங்கிய இடத்தில், ஐந்தாவது வாரம் மூச்சு வாங்குவதில்லை. "ஆகா, நாம் தேறி விட்டோம்!" என்று உற்சாகம் பிறக்கிறது. தூரத்தையும் வேகத்தையும் ஒரே நாளில் கூட்டுகிறார்.

ஆனால் எலும்பும், மூட்டும், தசையை எலும்போடு கட்டியிருக்கும் நாணும் அவ்வளவு சீக்கிரம் பழகுவதில்லை. அவற்றுக்கு மாதக் கணக்கில் நாள் வேண்டும். மூச்சு "போ, போ" என்கிறது. கால் "பொறு, பொறு" என்கிறது. காலின் பேச்சைக் கேட்காதவருக்கு முழங்காலில் வலி, முன்னங்காலில் வலி, சில சமயம் எலும்பில் மயிரிழை போல விரிசலும் ஏற்படுகிறது.

பதறாத காரியம் சிதறாது. ஓட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி வேறு இல்லை.

சரி, எவ்வளவு மெதுவாக ஓடுவது? கருவி எதுவும் வேண்டாம். ஓடும்போது பக்கத்தில் இருப்பவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? அதுதான் சரியான வேகம். ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். மெரினாவில் கதை பேசிக் கொண்டே ஓடினார்களே, அந்தப் பெண்களின் ரகசியம் இதுவே!

ஐந்து மாதத் திட்டம்

ஒரு மணி நேரம் சிரமமில்லாமல் நடக்கக் கூடியவர், ஐந்து மாதத்தில் அரை மாரத்தானுக்குத் தயாராகலாம். சென்னையில் பெரிய மாரத்தான் பந்தயம் வழக்கமாக ஜனவரியில் நடக்கிறது. அதில் அரை மாரத்தானும் உண்டு. அதற்கு ஆகஸ்டு மாதத்திலேயே தொடங்கி விட வேண்டும்.

வாரத்தில் மூன்று நாள் ஓடினால் போதும். செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று வைத்துக் கொள்ளலாம். நடுவில் வரும் நாட்கள் ஓய்வுக்கு. வேண்டுமானால் நடக்கலாம். ஓய்வு நாளில்தான் உடல் தன்னைப் பழுது பார்த்துக் கொள்கிறது.

முதல் மாதம்: இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. இப்படி மாற்றி மாற்றி அரை மணி நேரம்.

இரண்டாம் மாதம்: செவ்வாய், வியாழனில் அதே அரை மணி. ஞாயிறு மட்டும் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, மாத முடிவில் 7 கிலோ மீட்டர்.

மூன்றாம் மாதம்: ஞாயிறு ஓட்டம் 10 கிலோ மீட்டர் வரை. மற்ற நாட்களில் 40 நிமிடம்.

நான்காம் மாதம்: ஞாயிறு ஓட்டம் 14 கிலோ மீட்டர் வரை.

ஐந்தாம் மாதம்: முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரே ஒரு முறை 16 அல்லது 17 கிலோ மீட்டர். பிறகு ஓட்டத்தைக் குறைத்துக் கொண்டே வர வேண்டும்.

மூன்று வாரம் தூரத்தைக் கூட்டினால், நான்காவது வாரம் குறைப்பது நல்லது. நடுவில் நடப்பதில் வெட்கம் வேண்டாம். பந்தயத்திலும் நடக்கலாம். யாரும் தடுக்க மாட்டார்கள்.

கடைசி இரண்டு வாரத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். "பயிற்சி போதவில்லையோ" என்ற பயத்தில் அதிகமாக ஓடி விடுகிறார்கள். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கக் கூடாதா?

உற்சாகம் ஓடிப் போனால்?

முதல் வாரம் எல்லோருக்கும் உற்சாகம் இருக்கும். ஆறாவது வாரம் இருக்காது. அக்டோபரில் மழை வரும். அலுவலகத்தில் வேலை நெருக்கும். போர்வை இழுக்கும். இது யாருக்கும் வருவதுதான். இதற்காக "நான் சோம்பேறி" என்று தன்னைத் தானே திட்டிக் கொள்ள வேண்டியதில்லை.

உற்சாகத்தை நம்பி இருப்பவர் உற்சாகம் போனதும் நிற்கிறார். வழக்கத்தை நம்பி இருப்பவர் போய்க் கொண்டே இருக்கிறார். பல் துலக்க யாராவது உற்சாகத்தை எதிர்பார்க்கிறார்களா?

சில எளிய வழிகள் உண்டு. இரவே காலணியையும் உடையையும் வாசல் பக்கம் எடுத்து வையுங்கள். ஓடிய நாளில் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் ஒரு வட்டம் போடுங்கள். வட்டங்கள் வரிசையாகத் தெரியும்போது, அதை உடைக்க மனம் வராது. பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து ஓடுங்கள். தெரு முனையில் ஒருவர் காத்திருக்கிறார் என்றால் போர்வை தானாக விலகும்.

ஓட மனமில்லாத நாளிலும் பத்து நிமிடம் மட்டும் போய் வருவது என்று வைத்துக் கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகும் பிடிக்கவில்லையா? திரும்பி விடலாம். பெரும்பாலும் திரும்ப மாட்டீர்கள்.

ஒரு நாள் தவறினால் போகட்டும். மறுநாள் இரண்டு மடங்கு ஓடி ஈடு கட்ட முயல வேண்டாம். கால் வட்டிக் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரேயடியாகப் படுத்து விடும்.

89 வயதில் ஓடியவர்

பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர் பௌஜா சிங். விவசாயி. மனைவியையும் மகனையும் இழந்த துக்கத்தில் இருந்தவர். அந்தத் துக்கத்துக்கு மருந்தாக ஓட்டத்தைப் பிடித்துக் கொண்டார். பாஸ்போர்ட்டில் அவர் பிறந்த ஆண்டு 1911. அந்தக் கணக்குப்படி, 2000-ம் ஆண்டு லண்டன் மாரத்தானை முடித்தபோது அவருக்கு வயது 89! ஏறக்குறைய 7 மணி நேரம் ஆயிற்று. அதனால் என்ன? அவர் யாரையும் முந்துவதற்காக ஓடவில்லை. எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டும் என்று ஓடினார்.

ஓட நினைக்கும் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு சொந்தக் காரணம் வேண்டும். சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைக்க என்று இருக்கலாம். மகளோடு மாடிப்படி ஏற என்று இருக்கலாம். பதக்கத்தின் ஆசை சில வாரம்தான் தாங்கும். காரணம் கடைசி வரை தாங்கும்.

அம்மா ஓடப் போனால்?

வீட்டில் அப்பா ஓடுவதாகச் சொன்னால் எல்லோரும் கை தட்டுகிறார்கள். அம்மா ஓடுவதாகச் சொன்னால் ஒரு கேள்வி வருகிறது: "காலையில் காபி யார் போடுவது? பிள்ளைகளுக்குச் சாப்பாடு யார் கட்டுவது?"

இந்தக் கேள்வியால்தான் பல பெண்களின் ஓட்டம் வாசற்படியோடு நின்று விடுகிறது.

பெண்களைத் தடுப்பது புதிதல்ல. 1967-ம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகர மாரத்தானில் கேத்ரின் ஸ்விட்சர் என்ற பெண் ஓடினார். பந்தய அதிகாரி ஒருவர் பாய்ந்து வந்து அவரைப் பிடித்து இழுத்தார். அவர் நிற்கவில்லை. ஓடி முடித்தார். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வர 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் வீட்டில் யாரும் பிடித்து இழுப்பதில்லை. அடுப்புதான் இழுக்கிறது. வாரத்தில் மூன்று காலை அந்த அடுப்பைக் கணவர் பார்த்துக் கொண்டால் என்ன? மாவு அரைத்து வைத்தாயிற்று. இட்லி ஊற்ற ஆண் பிள்ளைக்கும் கை உண்டு! ஓடுவது ஒருவராக இருக்கலாம். ஓட வைப்பது ஒரு குடும்பம்.

எச்சரிக்கை!

சர்க்கரை வியாதி, இரத்தக் கொதிப்பு, இருதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. குடும்பத்தில் சிறு வயதிலேயே மாரடைப்பு வந்தவர்கள் இருந்தால், அவர்களும் அப்படியே. ஓடும்போது நெஞ்சு வலியோ, நெஞ்சில் இறுக்கமோ, மயக்கமோ வந்தால் அந்த இடத்திலேயே நின்று விட வேண்டும். "இன்னும் ஒரு கிலோ மீட்டர்தானே" என்று பார்க்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம். வேர்வை சீக்கிரம் உலராது. உலராவிட்டால் உடல் குளிராது. ஆகவே விடியுமுன் ஓடுங்கள். புழுக்கமான நாளில் இன்னும் மெதுவாக ஓடுங்கள். தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். ஆனால் பயத்தில் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்பு குறைந்து விடும்.

இருட்டில் வெளிர் நிற உடை அணியுங்கள். எதிரே வண்டி வருவது தெரியும்படி ஓடுங்கள். பௌஜா சிங் 2025-ம் ஆண்டு இறந்தது நோயால் அல்ல. சொந்த ஊர் அருகே சாலையைக் கடக்கும்போது கார் மோதி இறந்தார்.

பந்தய நாள்

பழகிய காலணி, பழகிய உணவு. அன்றைக்குப் புதிதாக எதுவும் வேண்டாம். கூட்டத்தின் பின் பகுதியில் நில்லுங்கள். துப்பாக்கி வெடித்ததும் எல்லோரும் பறப்பார்கள். பறக்கட்டும். முதல் 5 கிலோ மீட்டர் "இவ்வளவு மெதுவா!" என்று உங்களுக்கே தோன்ற வேண்டும். ஒரு கிலோ மீட்டருக்கு எட்டரை நிமிடம் எடுத்துக் கொண்டாலும், 3 மணி நேரத்துக்குள் எல்லைக் கோடு வந்து விடும்.

15 கிலோ மீட்டருக்குப் பிறகு, பறந்தவர்களில் பலர் ஓரமாக நடந்து கொண்டிருப்பார்கள். நீங்கள் அவர்களைத் தாண்டிப் போவீர்கள். அப்போது கேலி செய்ய வேண்டாம். "வாருங்கள், சேர்ந்து போகலாம்" என்று கூப்பிடுங்கள்.

மெரினாவில் உட்கார்ந்து விட்ட அந்தப் புதுக் காலணிக்காரருக்கும் இதுவே அழைப்பு. வலி தீர்ந்ததும் திரும்பி வரட்டும். பேசிக் கொண்டே ஓடட்டும். நடக்கத் தோன்றினால் நடக்கட்டும்.

21 கிலோ மீட்டரை யாரும் ஒரே நாளில் ஓடுவதில்லை. ஐந்து மாதக் காலைகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடுகிறார்கள். பந்தய நாளில் ஓடுவது அதன் கடைசித் துண்டு மட்டுமே!